கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

பெருநாள் காசைச் சேர்த்து வைத்துப் பிள்ளைகள் ஆசையோடு வாங்கி வருபவற்றுள் தங்கமீனும் ஒன்று. ஏறாவூரிலும் அயலூர்களிலும் பல வீடுகளின் முன்மண்டபத்தில் கண்ணாடித் தொட்டியைக் காண்கிறோம். முதல் இரண்டு மூன்று நாட்கள் மீன் துள்ளி விளையாடும். ஒரு கிழமை கழிவதற்குள் செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியிலே கிடக்கும். அல்லது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கும். “கண்ணூறு பட்டுவிட்டது” என்பார் மூத்தும்மா. “கடையில் நோய் மீனைத் தந்துவிட்டார்கள்” என்பார் வாப்பா. பிள்ளையோ அழுதுகொண்டு நிற்கும்.

சகோதரிகளே, புதிய தொட்டியில் மீன் வாடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

தெளிந்த தண்ணீரில் தெரியாத நஞ்சு

நிறமும் சுவையும் வாடையும் மாறாத தண்ணீர் நமது வுழூவுக்குப் போதும். மீனுக்கு அந்த அளவுகோல் போதாது. மீன் தனது பூக்கள் வழியாக அமோனியா என்னும் கழிவை ஓயாமல் வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. மட்டக்களப்பு வாவி போன்ற பெரிய நீர்நிலையில் அது கரைந்து பரவிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே போகும்?

இதற்கும் அல்லாஹ் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் அடியில் இட்ட கற்களிலும் இவை குடியேறிப் பெருகுவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 கிழமைகள் செல்லும். நாமோ காலையில் தொட்டியை நிரப்பி, மாலையில் மீனை விட்டுவிடுகிறோம்.

நமது ஊரின் சூடும் ஒரு காரணம். தங்கமீன் சீன நாட்டில் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே வளர்க்கப்பட்ட, கெண்டைக் குடும்பத்து மீன். அதற்குக் குளிர்ந்த தண்ணீரே இதம். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரையளவுதான் தாங்கும். சூடு கூடும்போது அமோனியாவின் நஞ்சும் கூடுகிறது. எனவே தொட்டியை வெயில் படும் யன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. தீனியை இரண்டு மூன்று நாட்களுக்கு நிறுத்துங்கள். பசியால் மீன் இறந்துவிடாது. மிஞ்சும் தீனிதான் ஆபத்து.

2. தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, அதே சூடுள்ள புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின்னர் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீராயின் குளோரீன் போவதற்காக வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் அவ்வாறே காற்றுப்பட வைப்பது நல்லது.

3. காற்றுக் குமிழி விடும் கருவியை இரவு பகலாக ஓட விடுங்கள். மின்சாரம் நின்றால் கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

4. லீற்றருக்கு 1 கிராம் வீதம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்க்கலாம். நைத்திரைற்று பூக்கள் வழியே உடலில் ஏறுவதை அது தடுக்கும். தொட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லீற்றர் கணக்கு வரும். 60, 30, 30 அளவுள்ள தொட்டி 54 லீற்றர் கொள்ளும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்குரிய உப்பை மட்டும் மீண்டும் சேருங்கள். ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீர் போதும். ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை.

உடலில் உப்புக்கல் தூவியது போல வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். அதற்குரிய மருந்தை அலங்கார மீன் விற்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். அமோனியாவைச் சோதிக்கும் திரவமும் அங்கே கேட்டுப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

நோய் கண்டதும் தொட்டியைக் கவிழ்த்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது பலரது வழக்கம். அப்படிச் செய்தால் குடியேறத் தொடங்கிய பக்டீரியாவும் போய்விடும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். என்ன நோய் என்று அறியாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஊற்றாதீர்கள். “துணையாக இருக்கட்டும்” என்று இன்னொரு மீனையும் விடாதீர்கள்.

மீன் இறந்தால் மண்ணில் புதையுங்கள். வளர்க்க இயலாவிட்டால் குளத்திலோ வாய்க்காலிலோ விடாமல், வளர்க்கக் கூடியவரிடம் கொடுங்கள். தொட்டி துப்புரவாக்க வாங்கப்பட்ட வேற்று நாட்டு மீன்கள் நமது நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவரின் வலைகளுக்குத் தொல்லையாகியிருப்பதை நாம் அறிவோம்.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

“ஒரு மீனுக்காகவா அழுகிறாய்?” என்று அதட்டாதீர்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான சிறுவர் அபூ உமைர், தாம் வளர்த்த சிறு குருவி இறந்து கவலையோடு இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். ஷாபிஈ மத்ஹப் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து 60 பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். சிறுவர்கள் உயிர்ப்பிராணியை வளர்க்கலாம் என்பதற்கு உலமாக்கள் இந்த நிகழ்ச்சியை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் நாம் மறக்கலாகாது. அடைத்து வைத்தவர் மீதே அதன் முழுப் பொறுப்பும் விழுகிறது. தொட்டி மீனால் வேறு தண்ணீர் தேடிப் போக முடியாது.

தங்கமீன் சில நாட்களுக்கான விளையாட்டுப் பொருள் அன்று. இங்கிலாந்தில் ஒரு சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 43 வருடங்கள் வாழ்ந்து 1999இல் இறந்தது. அத்தனை வருடங்கள் நாம் எதிர்பார்க்க வேண்டாம். இன்று இரவே ஒரு வாளித் தண்ணீரைத் திறந்து வையுங்கள். நாளை அதைப் பிள்ளையின் கையாலேயே ஊற்றச் செய்யுங்கள். ஓர் உயிரைப் பொறுப்போடு பார்க்கும் பழக்கம் அந்தக் கையில் ஊறிவிடும்.