பிரிந்தால் சாவு

ஆன்டிபயாடிக் மருந்துகளின் பயன்பாட்டைக் குறைத்தால் பாக்டீரியாக்களின் எதிர்ப்புத் திறன் காலப்போக்கில் தானாகவே மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. எதிர்ப்பு மரபணுக்கள் பல, குரோமோசோமுக்கு வெளியே தனித்துப் பெருகும் பிளாஸ்மிட் என்ற சிறிய டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. அந்த வளையத்தைப் படியெடுக்கவும் அதன் புரதங்களைச் செய்யவும் பாக்டீரியா ஆற்றலைச் செலவிட வேண்டும். மருந்தே இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் வீண் சுமைதான். சுமையை இறக்கியவை வேகமாகப் பெருகும், சுமப்பவை பின்தங்கும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சுமையை இறக்கிய பாக்டீரியா உயிரோடு இருக்கும் என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. சில பிளாஸ்மிட்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

1963இல் லண்டனில் ஒரு சால்மோனெல்லா பாக்டீரியாவில் கண்டெடுக்கப்பட்ட ஆர்1 பிளாஸ்மிட்டைப் பார்ப்போம். பல மருந்துகளுக்கு எதிர்ப்பைச் சுமக்கும் இது, ஒரு செல்லுக்குள் ஓரிரு படிகளாக மட்டுமே இருக்கும். செல் பிளக்கும் நேரத்தில் இருபது படிகள் இருந்தால், அவை மனம்போல் சிதறினாலும் ஒரு மகள் செல் வெறுமையாகப் போகும் வாய்ப்பு ஐந்து லட்சத்துக்கு ஒன்று அளவுதான். இரண்டே படிகள் என்றால் பாதிக்குப் பாதி! எனவே படிகளை இரு பக்கமும் தள்ளிச் சேர்க்கும் பங்கீட்டு ஏற்பாடு ஆர்1இல் உண்டு. அது தவறும்போது வேலை செய்ய இன்னொன்றும் காத்திருக்கிறது. டென்மார்க்கின் கென் கெர்டெஸும் சகாக்களும் 1986இல் விவரித்த ஹாக்-சாக் அமைப்பு அது. ஹாக் என்ற நஞ்சுப் புரதம் செல்லின் சவ்வைக் குலைத்துக் கொல்லும். அதைச் செய்வதற்கான ஆர்என்ஏ நெடுநேரம் நிலைக்கும். அந்த உற்பத்தியைத் தடுக்கும் சாக் ஆர்என்ஏவோ சீக்கிரமே சிதையும். பிளாஸ்மிட் இருக்கும்வரை சாக் புதிதாக வந்துகொண்டே இருப்பதால் ஆபத்தில்லை. பிளாஸ்மிட் கிடைக்காத மகள் செல்லுக்கும் தாயிடமிருந்து இரண்டும் வந்து சேர்கின்றன. அங்கே சாக் தீர்ந்துபோகிறது, ஹாக் ஆர்என்ஏ மிஞ்சுகிறது, செல் சாகிறது. இதற்கு மூன்றாண்டு முன்பே, 1983இல், ஜப்பானின் ஓகுராவும் ஹிராகாவும் எஃப் பிளாஸ்மிட்டில் இத்தகைய ஏற்பாட்டைக் கண்டிருந்தார்கள். அங்கே நஞ்சு, அதைத் தடுக்கும் முறி இரண்டுமே புரதங்கள். டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் நொதியை நஞ்சு முடக்குகிறது. முறியைச் செல்லின் சொந்த நொதியே ஓயாமல் அரித்துத் தின்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வெறும் செல்லைக் கொன்றால் பிளாஸ்மிட்டுக்கு ஒரு படிகூடக் கூடாதே, இதை எப்படிப் பாதுகாப்பு என்பது? உண்மைதான். தொலைந்த பிளாஸ்மிட்டை இந்த நஞ்சு மீட்பதில்லை. தொலைத்தவர்களின் வம்சத்தைத்தான் அறுக்கிறது. பிளாஸ்மிட் சுமக்கும் செல்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட ஆளில்லாமல் போவதே அதன் ஆதாயம். 2000இல் கூப்பரும் ஹைன்மனும் இன்னும் ஆழமாகப் போனார்கள். ஒரே செல்லுக்குள் ஒத்துவாழ முடியாத இரண்டு பிளாஸ்மிட்கள் மோதும்போது, நஞ்சு வைத்திருப்பதே மற்றதை விரட்டுகிறது என்று அவர்களின் சோதனை காட்டியது. நஞ்சுள்ள பிளாஸ்மிட்டை இழந்து மற்றதை ஏற்ற செல் செத்துவிடுவதால், வென்ற பிளாஸ்மிட்டும் அதோடு அழிகிறது. பாக்டீரியாவின் நலனைவிட பிளாஸ்மிட்டின் நலனே இதில் முன்னால் நிற்கிறது என்று கொள்வதுதான் பொருத்தம் என எனக்குப் படுகிறது. இத்தகைய நஞ்சு-முறி இணைகள் குரோமோசோமிலும் ஏராளம். அவற்றின் வேலை வேறாக இருக்கலாம், அது தனி விவாதம்.

அப்படியானால் மருந்தைக் குறைப்பதில் பயனில்லையா? நிச்சயமாக உண்டு. மருந்தே எதிர்ப்புள்ளவற்றைப் பொறுக்கி வளர்க்கிறது. அந்த ஊக்கத்தை நிறுத்தியே ஆகவேண்டும். நஞ்சின் பிடியும் முழுமையானதல்ல: கைரேஸில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால்கூட எஃப் பிளாஸ்மிட்டின் நஞ்சு பலிக்காது. ஆனால் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டால், காவல் வைத்த பிளாஸ்மிட் தானாகப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் தாமஸ் குழுவினர் உருவாக்கிய பிக்யூர் பிளாஸ்மிட்கள் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. எதிர்ப்புப் பிளாஸ்மிட்டின் படியெடுப்பைத் தடுப்பதோடு, அதன் நஞ்சுக்கான முறியையும் அவையே செல்லுக்குள் கொண்டுவருகின்றன. சுமையை இறக்கிய பிறகும் செல் பிழைத்திருக்கிறது.