எங்க வீட்டுப் பூனையாரின் 'பாத்ரூம்'!

பூனை வளர்ப்பவர்களிடம் எல்லோரும் கேட்க நினைத்து, கூச்சத்தில் விழுங்கிவிடும் கேள்வி ஒன்று உண்டு. ''அது... எங்கே போகும் சார்?''

கொல்லைப்புறம் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பூனை பாட்டுக்குப் போகும், தோண்டும், மூடும், வந்துவிடும். நான் குடியிருப்பதோ மூன்றாவது மாடி ஃப்ளாட். அங்கே மண் என்றால் என் மனைவியின் துளசித் தொட்டி மட்டும்தான்!

ஆகவே, பால்கனி மூலையில் ஒரு அகலமான பிளாஸ்டிக் டப். அதில் மூன்று அங்குலத்துக்கு மணல். இப்போது கடைகளில் இதற்கென்றே களிமண் குருணை மூட்டையாகக் கிடைக்கிறது. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோவ் என்பவரிடம் பக்கத்து வீட்டம்மா பூனைக்கு மணல் கேட்டு வர, எண்ணெய் உறிஞ்சுவதற்காக விற்றுவந்த களிமண் குருணையைத் தூக்கிக் கொடுத்தாராம். அதிலேயே மனிதர் கோடீஸ்வரர் ஆகிவிட்டார்!

போன வருஷம் மகள் பிரசவத்துக்கு வந்தபோதுதான் வந்தது வினை. சம்பந்தியம்மா போனில் பிடித்துக்கொண்டார். ''வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வீட்டுல பூனையா? எங்கயாவது கொண்டு விட்டுடுங்க சம்பந்தி!''

பயம் நியாயமானதுதான். பூனை மலத்தில் 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண், மூளை வரை பாதிக்கலாம். கால்நடை டாக்டரிடம் ஓடினேன். அவர் சொன்னதில்தான் எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்தவுடனே அது தொற்றாதாம். தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகுமாம். ''அதுக்குள்ள அள்ளிடுங்க. உங்க பொண்ணு டப் பக்கமே போக வேண்டாம். பூனைக்குப் பச்சை மாமிசம் போடாதீங்க, வெளியே எலி பிடிக்க விடாதீங்க'' என்றார். அரைவேக்காட்டுக் கறி, கழுவாத காய்கறி மூலமும் இது வருமாம். அதைப் பற்றி யாராவது போன் பண்ணுகிறார்களா?

டப் டியூட்டி எனக்கு! கையில் கிளவுஸ், காலையும் மாலையும் ஒரு பழைய ஜல்லிக்கரண்டியால் அள்ளல் (அது மறுபடி சமையலறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது!). அள்ளியதைக் கட்டிக் குப்பையில்தான் போட வேண்டும். கக்கூஸில் கொட்டினால் களிமண் குழாயை அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை முழுசாகக் கொட்டிவிட்டு, சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைப்பேன். ஃபினாயில் மட்டும் கூடவே கூடாது. பூனை பாதத்தை நக்கும். அதற்கு அது விஷம். மூத்திரத்தின் மேலேயே ப்ளீச்சிங் பவுடர் போட்டாலோ, கிளம்பும் நெடி நமக்கே ஆபத்து.

இன்னொன்று. ஆண் பூனை டப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, சொட்டுகூட வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

பேத்திக்கு இப்போது நாலு மாசம். கொழுகொழுவென்று இருக்கிறாள். பார்க்க வந்த சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ''பூனையைக் கொடுத்துட்டீங்களா சம்பந்தி? நல்லதாப் போச்சு!'' என்றார்.

அவர் உட்கார்ந்திருந்த சோபாவுக்கு அடியில்தான் நம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார்!