நூறு கோடி விருந்தாளிகள்

ரத்தம் ஏற ஆரம்பித்துச் சிறிது நேரத்திலேயே சில குழந்தைகளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், காய்ச்சல் அடிக்கும். ரத்தப் பிரிவு சரியாகத்தான் பொருந்தியிருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டிய தலசீமியா குழந்தைகளைப் பெற்றவர்கள் இந்த நடுக்கத்தை அறிவார்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம், கொடையாளியின் வெள்ளணுக்கள். குழந்தைக்கு வேண்டியது சிவப்பணு மட்டுமே. ஆனால் ஒரு பை ரத்தத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட வெள்ளணுக்கள் கூடவே வருகின்றன. தன் வீட்டைக் காக்கும் நாய் அடுத்த வீட்டில் நுழைந்த கதைதான். ஏற்றுக்கொண்ட உடல் அவற்றை அந்நியர்களாகக் கண்டு எதிர்ப்புரதம் தயாரிக்கிறது. அடுத்த முறை ரத்தம் ஏறும்போது சண்டை மூள்கிறது. புற்றுநோயாளிகளுக்கு இதனாலேயே பின்னாளில் தட்டணுக்கள் ஏற்றியும் பலன் இல்லாமல் போவதுண்டு. வெள்ளணுவுக்குள் பதுங்கிவரும் சைட்டோமெகாலோ வைரஸ் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபத்தானது.

வழி எளியது: வடிகட்டி. மெல்லிய பாலியெஸ்டர் இழைகளை அடர்த்தியாக அழுத்திச் செய்தது. சிவப்பணு வளைந்து நெளிந்து கடந்துவிடும். வெள்ளணு இழைகளில் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சுவது அமெரிக்க விதிப்படி ஒரு பைக்கு 50 லட்சத்துக்குள், ஐரோப்பிய விதிப்படி 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

எப்போது வடிகட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். பையில் கிடக்கும் நாட்களில் வெள்ளணுக்கள் சிதைந்து, காய்ச்சலைத் தூண்டும் சைட்டோகைன்களைக் கசியவிடும். கட்டிலருகே வடிகட்டினால் அணு நிற்கும், கசிந்தது நிற்காது. ஆகவே ரத்த வங்கியில், சேமிப்பதற்கு முன்பே வடிகட்டுவதே சரி. செலவு கூடும்தான், வாழ்நாள் முழுதும் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய குழந்தைக்கு அந்தக் கணக்குப் பார்க்கக் கூடாது.

பிரிட்டன் 1999இல் எல்லா ரத்தத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. ‘மேட் கவ்’ நோயின் மனித வடிவம் ரத்தம் வழியே பரவுமோ என்ற அச்சமே காரணம். அச்சம் பொய்யில்லை: ரத்தம் வழியே அது தொற்றியதாகப் பின்னர் அங்கே கண்டறியப்பட்டவர்கள், வடிகட்டாத சிவப்பணுக்களைப் பெற்றவர்கள்.

வடிகட்டி தடுக்காத ஒன்றும் உண்டு. “சொந்த ரத்தம்தான் நல்லது” என்று அண்ணனையும் அப்பாவையும் கொடுக்கச் சொல்வது நம் வழக்கம். நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக உணராமல் விட்டுவிடலாம். தப்பிய சிலவே பெருகி அவரது உறுப்புகளைத் தாக்கக்கூடும். அரிதானாலும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. அதனால் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும்.