வலசைக் காலம் – 9
வெடிச் சத்தம் கேட்காத ஐப்பசி

காரைக்குடியிலிருந்து மேற்கே திருப்பத்தூர் போய், அங்கிருந்து மேலூர் சாலையைப் பிடித்தால் வேட்டங்குடி வரும். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள். மூன்றும் சேர்ந்து 38.4 ஹெக்டேர்தான். 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சிவகங்கைச் சீமையில் இதைவிடப் பெரிய கண்மாய்கள் எத்தனையோ கிடக்கின்றன. பறவைகள் இங்கே வந்து கூடு கட்டுவதற்குத் தண்ணீரைவிட ஊர்க்காரர்கள்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தீபாவளியும் அதே வாரங்களில்தான். கண்மாயில் தண்ணீர் ஏற ஏற, உள்ளே நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, பாம்புத்தாரா, வக்கா எல்லாம் இடம் பிடிக்கும். அப்போது ஒரு சரவெடி வெடித்தால் என்ன ஆகும்? கூட்டம் மொத்தமாக மேலே எழும்பும். அந்த இரண்டு நிமிடம் காகத்துக்குப் போதும், முட்டையைக் கொத்திக்கொண்டு போக. குஞ்சு பொரித்திருந்தால் தடுமாறித் தண்ணீரில் விழும். இதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கரையில் நின்று பார்த்தவர்கள். அதனால் கொள்ளுகுடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாக தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணம், கோயில் விசேஷத்துக்கும் அப்படியே. பக்கத்து ஊர் வானமெல்லாம் பளபளக்கிற ராத்திரியில், கையில் ஒரு வெடிகூட இல்லாமல் இருக்க ஒரு எட்டு வயதுப் பிள்ளை சம்மதிக்கிறதே, அதை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். தீபாவளியன்று வனத்துறையினர் வந்து இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வதும் வழக்கம்.

இந்த நாரைகள் தூர தேசத்திலிருந்து வருபவை அல்ல. மழையையும் வயலையும் பார்த்து நம் நாட்டுக்குள்ளேயே இடம் மாறுபவை. உண்மையான நெடும்பயணிகள் வேறு: மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி. இவை குஞ்சு பொரிக்க வருவதில்லை. குளிர் தப்பி, தின்று, உடம்பு தேற்றிக்கொண்டு திரும்பிவிடும்.

ஐப்பசி வானிலை இவற்றை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு சிறு தீவு உதவும். ஃபேர் ஐல். ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் 1948-இல் அங்கே பறவை ஆய்வகம் தொடங்கினார். இலையுதிர் காலத்தில் கீழ்க்காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால், திசை தள்ளப்பட்ட பறவைகள் அந்தத் தீவில் வந்து விழும். சுற்றிலும் கடல், வேறு தரை இல்லை. காற்று மாறி வானம் வெளுத்தால், மறுநாள் காலியாகிவிடும்.

நமக்கு வங்கக் கடல் தாழ்வு மண்டலம் அதே வேலையைச் செய்கிறது. வாடைக்காற்று தெற்கே போகிறவற்றுக்கு உதவி. திடீர் மழை தடை. இதில் அதிகம் அடிபடுவது ஆறுமணிக்குருவி. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வரும் குருவி. பச்சை முதுகு, செந்நிற அடிவயிறு, கண்ணில் கறுப்புப் பட்டை. களைத்துப்போனால் விடியற்காலையில் தோட்டம், கிணற்றடி, வீட்டு முற்றம் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிடும். நம் செட்டிநாட்டு வளவுகளின் திறந்த முற்றமும் அதற்கு ஒரு தரைதான். அப்படி ஒன்று கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக வைத்து, பூனை அண்டாமல் பார்த்து, தெம்பு வந்ததும் மரமுள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். தேறாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மழை பொய்த்த வருஷங்களில் வேட்டங்குடியில் நாரை தங்காது. வானம் பார்த்த பூமியில் அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்தும் தண்ணீர் வந்து சேராமல் போவதற்கு நாம்தான் காரணம். வரத்துக்கால்களில் சீமைக்கருவேல் அடைத்துக் கிடக்கிறது, வீட்டுமனைகள் ஏறுகின்றன. சரணாலய எல்லைக்கல் கண்மாயோடு நின்றுவிடுகிறது. நத்தைகுத்தி நாரை இரை எடுப்பதோ சுற்றுவட்டார நெல் வயல்களில். அந்த வயல்களில் தெளிக்கிற மருந்து நத்தை வழியாகக் குஞ்சின் வாய்க்குப் போகிறது. வெடியை விட்டுக்கொடுத்த ஊரிடம் இனி எதையும் கேட்க நமக்கு வாயில்லை. கேட்க வேண்டியது வரத்துக்கால் வைத்திருக்கும் மற்ற ஊர்களிடம்தான். அந்தக் கால்கள் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கின்றன என்று அடுத்த வாரம் நடந்து பார்ப்போம்.

(தொடரும்)