இரிடியமும் என் அரைகுறை அறிவும்

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து, ரயில்வேயில் சேர்ந்து, கவுஹாத்தி மாலிகாவில் ஓய்வு பெற்றவன். ஆனாலும் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம், நான் செய்த ஒரு தவறு.

என்னோடு வேலை பார்த்த நாகாலாந்து நண்பருக்கு, மூக்கின் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் புற்றுநோய். இந்தியாவில் பொதுவாக அரிதான இந்த நோய், நாகாலாந்து முதலிய வடகிழக்குப் பகுதிகளில் அதிகம். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இதில் பங்கு உண்டு. சமையலறைப் புகை, புகையில் வாட்டிய இறைச்சி ஆகியவற்றையும் சந்தேகிக்கிறார்கள். கத்தி வைக்கச் சிரமமான இடம் என்பதால் கதிர்வீச்சுதான் முக்கிய சிகிச்சை.

அவருக்கு ஏழு வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிறகு 'பிராக்கிதெரபி' என்றார்கள். கிரேக்கத்தில் 'பிராக்கிஸ்' என்றால் குறுகிய என்று பொருள். கதிர் தரும் பொருளை நோயின் அருகிலேயே கொண்டுபோவது இந்த முறை. அந்தப் பொருள் இரிடியம்-192 என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெல்டிங்கில் உள்விரிசலைப் படம் பிடிக்க ஒர்க் ஷாப்பில் பயன்படுத்திய அதே சரக்கு! சுற்றிலும் கயிறு கட்டி, ஆட்களை விலக்கிவிட்டுத்தான் அதை வெளியே எடுப்பார்கள்.

உடனே அவர் வீட்டாரிடம், "தட்டு, டம்ளரைத் தனியாக வையுங்கள். பேரனை மடியில் உட்கார வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். எஞ்சினியர் சொல்கிறாரே என்று அவர்களும் கேட்டார்கள். மூன்று வாரம் அந்தக் குழந்தை வாசற்படியில் நின்றே தாத்தாவைப் பார்த்தது.

அடுத்த பரிசோதனைக்குத் துணையாகப் போனபோது, ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சு இயற்பியலாளரிடம் விசாரித்தேன். அவர் விளக்கியது இதுதான். மூக்குத் துவாரங்கள் வழியாக மெல்லிய குழாய்களைப் பொருத்தி, ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போடுவார்கள். இரிடியம் சில மில்லிமீட்டர் நீளமே. கம்பி முனையில் ஒட்டிய அதை இயந்திரம் குழாய்க்குள் தள்ளும். குறித்த இடங்களில் சில விநாடிகள் நின்று, சில நிமிடங்களில் கவசப் பெட்டிக்குத் திரும்பிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வலு கால் பங்காகும். அதனால் கட்டிக்கு முழு அடி, கண்ணுக்கும் மூளைக்கும் குறைவு. ஆழமாகப் பரவிய கட்டிக்கு இது போதாது. வெளிக்கதிர்வீச்சே இன்று வெகுவாக முன்னேறியிருப்பதால், எல்லோருக்கும் இது தேவைப்படுவதும் இல்லை.

"அப்படியானால் அவர் உடம்பில்?" என்று கேட்டேன். "ஒன்றும் மிச்சமில்லை, சார். விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்குமா?" என்றார். கதிர்ப்பொருளை உடலுக்குள்ளேயே விட்டுவைக்கும் முறைகளும் உண்டு. அவற்றுக்குத்தான் சில காலம் விலகல் தேவைப்படலாம். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் அல்ல.

அன்று மாலையே நண்பர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. பேரனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

வாசகர்களுக்கு ஒன்று. கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கக் காது அடைப்பு, மூக்குச் சளியில் ரத்தம் இவற்றில் ஏதாவது இரண்டு மூன்று வாரமாக இருந்தால், காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பினால், டாக்டர் விலகி இருக்கச் சொல்லாதவரை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.