ஒட்டுத் தெரியாத ஒலி

பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டைப் போட்டு, சரியாக ஒரு நிமிடம் ஆகும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். அதுவரை மெல்லத் தவழ்ந்து வந்த பாட்டு அங்கிருந்து கனத்துப்போகும். ஜான் லெனனின் குரலில் தூக்கக் கலக்கம் போல ஒன்று ஏறும். செல்லோவும் டிரம்பெட்டும் வந்து நிறையும். உண்மையில் அங்கே ஒரு பதிவு முடிந்து இன்னொரு பதிவு தொடங்குகிறது. வேறு நாட்களில், வேறு சுருதியில், வேறு வேகத்தில் பதிவான இரண்டு ஒலிநாடாக்களை ஒரு வரியின் நடுவே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். யாராவது சொன்னால்தான் தெரியும்.

இன்று லாஜிக், க்யூபேஸ், ஏபில்டன், ஆடாசிட்டி என்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் இரண்டு ஒலித்துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஒன்றாகிவிடும். ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நடக்கும் வேலையைப் புரிந்துகொள்ள, 1966 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் நடந்ததைப் பார்ப்பதுதான் நல்ல வழி. அங்கே 1931 முதல் இயங்கிவரும் இஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தை, அது இருக்கும் தெருவின் பெயரால் இப்போது அபி ரோடு என்கிறோம்.

நவம்பர் 24 அன்று அந்தப் பாட்டின் பதிவு தொடங்கியது. முதலில் வந்தது மென்மையான வடிவம். அதன் தொடக்கத்தில் கேட்கும் புல்லாங்குழல் போன்ற ஒலி மெல்லோட்ரான் என்ற கருவியுடையது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் சுமார் எட்டு நொடி ஓடும் ஒரு நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். பாட்டின் முதல் ஒலியே வெட்டிய நாடாவிலிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. லெனனுக்கு அந்த வடிவத்தில் முழு நிறைவு இல்லை. டிசம்பரில் நான்கு டிரம்பெட், மூன்று செல்லோ சேர்த்து இன்னொரு வடிவம் பதிவானது. பிறகு அவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் வந்து, முதல் வடிவத்தின் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் வேண்டும், இரண்டையும் சேர்த்துவிடுங்கள் என்றார். சுருதி வேறு, வேகம் வேறு என்று மார்ட்டின் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

நாடாவுக்கு ஓர் இயல்பு உண்டு. மெதுவாக ஓடவிட்டால் பாட்டின் வேகம் குறையும், கூடவே சுருதியும் இறங்கும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. அரைக்கட்டை சுருதி இறங்க வேண்டுமானால் நாடாவின் வேகத்தைச் சுமார் 6 சதவீதம் குறைக்க வேண்டும். மற்ற நேரங்களில் இது பெரிய தொல்லை. அன்றைக்கு அதுவே கைகொடுத்தது. இரண்டாவது வடிவம் சுருதியில் மேலே இருந்தது, வேகத்திலும் முந்தியது. அதனால் அதை மெதுவாக்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும் என்று மார்ட்டினுக்குப் பிடிபட்டது. முதல் வடிவத்தைச் சற்றே முடுக்கி, இரண்டாவதை மட்டுப்படுத்தி, இரண்டையும் ஒரு புள்ளியில் சந்திக்க வைத்தார்கள். டிசம்பர் 22 அன்று ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் கத்திரிக்கோலால் நாடாவை வெட்டி ஒட்டினார். அந்த மாதம்தான் அவருக்கு 21 வயது நிறைந்திருந்தது.

வெட்டிய விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் ஊரில் ஒட்டு மாங்கன்று கட்டுபவர்கள் தண்டைச் சரிவாகச் சீவித்தான் கட்டுவார்கள். சரிவு நீண்டால் இரண்டு தண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பு கூடும். நாடாவிலும் அதே கதைதான். நேர்க்குறுக்காக வெட்டினால் ஓர் ஒலி சட்டென்று நின்று இன்னொன்று சட்டென்று தொடங்கும், அந்த இடத்தில் 'டக்' என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் பழைய ஒலி தேயத் தேயப் புதியது வளரும். கலந்து முடித்த பாட்டை ஏற்றும் நாடா கால் அங்குல அகலம். நொடிக்கு 15 அங்குலம் ஓடும். அதை 45 பாகையில் வெட்டினால் ஓர் ஒலியிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. எமரிக் அதைவிடப் படுக்கையான சாய்வில் வெட்டினார். அதனால் மாற்றம் இன்னும் நிதானமாக நடந்தது.

மென்பொருளில் 'கிராஸ்ஃபேட்' என்ற பெயரில் இருப்பது இந்தச் சாய்வு வெட்டேதான். இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி வைத்தால் பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் தோன்றும். ஒரு கோட்டில் ஒலி தேயும், மறு கோட்டில் வளரும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் விழாவுக்காக என் மகள் பாடியதை இரண்டு தவணையாகப் பதிவு செய்திருந்தோம். பல்லவி ஒரு சனிக்கிழமை, கைபேசித் தம்புராவோடு ஐந்தரைக் கட்டையில். சரணம் அடுத்த வாரம், ஆர்மோனியத்தோடு ஐந்து கட்டையில். இரண்டையும் அருகருகே வைத்து ஓடவிட்டேன். சேரும் இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. நொடிக்கு 44,100 எண்கள். முதல் துண்டு அலையின் உச்சியில் அறுந்திருந்தது, அடுத்த துண்டு பள்ளத்தில் தொடங்கியது. ஒலிபெருக்கியின் சவ்வு ஒரே எட்டில் உச்சியிலிருந்து பள்ளத்துக்குக் குதிக்க வேண்டும். அந்தக் குதிப்புதான் டக். இரண்டு அலைகளும் நடுக்கோட்டைத் தொடும் இடமாகப் பார்த்து வெட்டை நகர்த்தி, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு கிராஸ்ஃபேட் வைத்ததும் சத்தம் மறைந்தது. பிறகு சரணத்தை அரைக்கட்டை ஏற்றினேன், வேகம் மாறாமல்.

வேகம் மாறாமல் சுருதியை ஏற்றுவதுதான் மார்ட்டினுக்குக் கிட்டாத வசதி. ஒலியை மிகச் சிறு துணுக்குகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டு, வேறு வேகத்தில் அதைத் திரும்பக் கட்டும் முறை அது. அதன் மூலக் கட்டுரைகளில் ஒன்றை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளானகனும் கோல்டனும் வெளியிட்டது 1966 நவம்பரில். லெனன் அந்தப் பாட்டைக் கூடத்தில் பதிவு செய்யத் தொடங்கிய அதே மாதம்!

எங்கே சேர்ப்பது என்பதற்கு மட்டும் கணக்கு உதவாது, காதுதான் சொல்ல வேண்டும். மூச்சு இழுக்கும் இடத்தில் சேர்க்கலாம். மிருதங்கத்தில் பலமான ஓர் அடி விழுவதற்கு ஒரு நூலிழை முன்னால் சேர்க்கலாம், அடியின் ஓசையில் ஒட்டு மறைந்துபோகும். நீண்ட கார்வையின் நடுவே மட்டும் கை வைக்கக் கூடாது. ரீங்காரத்தில் ஏற்படும் மிகச் சிறிய நெளிவையும் காது பிடித்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெவ்வேறு ஒலிகளை நேர்க்கோட்டுக் கிராஸ்ஃபேடால் சேர்த்தால் நடுவில் இரண்டும் பாதிப் பாதியாக இருக்கும்போது மொத்த ஒலித்திறன் பாதியாகிவிடும், அங்கே ஒரு பள்ளம் கேட்கும். அதற்காகவே வளைகோட்டு வகை ஒன்று இருக்கிறது. அதில் நடுப்புள்ளியில் ஒவ்வொன்றும் சுமார் 71 சதவீத அளவில் நிற்கும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு 'ஜாயின்', 'கன்சாலிடேட்', 'க்ளூ' என்று மென்பொருளுக்கு ஒரு பெயரில் இருக்கும் கட்டளையைக் கொடுக்கலாம். அதுவரை திரையில் நாம் பார்த்தவை பெரும்பாலும் குறிப்புகள் மட்டுமே. இந்தக் கோப்பில் இந்த நொடியிலிருந்து அந்த நொடிவரை ஒலிக்கட்டும் என்ற குறிப்பு. சேர்க்கச் சொன்னால் பல மென்பொருள்கள் அந்தக் குறிப்புகளின்படி புதிய கோப்பு ஒன்றை எழுதும். மூலக் கோப்புகளை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். அடுத்த நாள் காலையில் கேட்கும்போதுதான் ஒட்டு எங்கே உறுத்துகிறது என்று தெரியவரும்.

ஒட்டை மறைக்காமல் வெளிச்சம் போட்டுக் காட்டும் வழியும் லண்டனில் உண்டு. அந்நகரில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007-இல் வெளியிட்ட 'காலா' தொகுப்பு இதற்கு நல்ல சான்று. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு, லண்டன் ராக் குழுவான தி கிளாஷின் 1982-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த துண்டின் மேல் எழுந்து நிற்கிறது. அதே தொகுப்பின் 'பேர்ட் ஃப்ளூ'வில் நம் உறுமி அதிர்கிறது. உறுமி லண்டன் நடன அரங்கின் தாளத்தோடு மோதும் அந்த ஓசை அப்பட்டமாகத் தெரிவதுதான் அந்த இசையின் பலம்.

மறைத்து ஒட்டும் கலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் பீட்டில்ஸைச் சொல்ல மாட்டேன். அபி ரோட்டிலிருந்து நடந்தே போகும் தொலைவில் மெய்டா வேல் இருக்கிறது. அங்கே பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்ஷாப் என்ற சோதனைக் கூடம் 1958 முதல் இயங்கியது. 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதித் தந்த முகப்பு இசையை 1963-இல் அங்கே ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். சிந்தசைசர்கள் சந்தைக்கு வராத காலம். மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஓசையைப் பதிந்து, அதையே வெவ்வேறு வேகத்தில் ஓட்டி வெவ்வேறு சுரங்களாக்கி, ஒவ்வொரு சுரத்தையும் அதன் கால அளவுக்கு வெட்டி ஒட்டினார். கால் நொடிச் சுரம் என்றால் ஒன்பதரை சென்டிமீட்டர் நாடா. சோதனைக் கருவிகளின் ஊளை ஒலியையும் அப்படியே கோத்தார். பல தடங்களை ஒரே நாடாவில் ஏற்றும் வசதி அங்கே இல்லாததால், தனித்தனி நாடாக்களைத் தனித்தனி இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலக்க வேண்டியிருந்தது. ஒருமுறை எங்கோ ஓர் ஒட்டு தவறி, நாடாக்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. டெலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும் மெய்டா வேலின் நீண்ட நடைவழியில் நாடாக்களைப் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டு, ஒட்டு ஒட்டாக ஒப்பிட்டுத் தவறு எங்கே என்று கண்டுபிடித்தார்கள். இன்று திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக நாம் பார்க்கும் தடங்களை அவர்கள் தரையில் பார்த்தார்கள்.

அந்த இசை முதன்முதலில் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23 அன்று. அதை வெட்டி ஒட்டிய டெலியா 2001-இல் காலமானார். தொடரின் திரைப் பட்டியலில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 2013-இல்.