காளையுடன் பிறந்த கிடாரிக் கன்று

பசுவொன்று ஒரே ஈற்றில் இரண்டு கன்றுகளை ஈனுதல் அபூர்வமே யாயினும், மந்தை வைத்திருப்போர் எப்போதாவது காணக்கூடியதேயாம். அவ்விரண்டும் கிடாரிகளாயின் கவலைக்கு இடமில்லை. ஒன்று காளையும் மற்றொன்று கிடாரியுமாயின், அக்கிடாரியைப் பாலுக்கென வளர்க்குமுன் உடையவர் ஆலோசிக்க வேண்டும். இவ்வாறு பிறக்கும் கிடாரிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பிறவி மலடுகளாம். ஆங்கிலத்தில் இவற்றிற்கு ‘ப்ரீமார்ட்டின்’ என்று பெயர்.

இங்கிலாந்தில் ஜான் ஹண்டர் என்னும் இரண வைத்தியர் இத்தகைய உருப்படிகளைச் சோதித்து 1779-ல் விவரித்தார். இவை காளையை நாடுவதில்லை யென்றும், எருதுகளோடு நுகத்திற் பூட்டப்பட்டன வென்றும் அவர் குறித்துள்ளார். 1916-ல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த பிராங்க் லில்லி என்பவர் இதன் காரணத்தை விளக்கினார்.

அக்காரணம் யாதெனில்: சினையின் ஆரம்ப காலத்திலேயே இரு கருக்களின் நஞ்சுக்கொடிகள் ஒட்டி, அவற்றின் இரத்தக் குழாய்கள் இணைந்து விடுகின்றன. காளைக் கருவிற் சுரக்கும் ஹார்மோன்கள் கிடாரியின் இரத்தத்திற் கலக்கின்றன. அதனால் கிடாரியின் சினைமுட்டைப் பைகள் வளர்ச்சி குன்றுகின்றன. கருப்பையும் சரிவர உருவாவதில்லை. இது தாய்ப்பசுவின் குற்றமன்று, தீவனத்தின் குறையுமன்று. காளைக் கன்று பிறந்தவுடன் இறந்து போயினும், கிடாரியின் குறை நீங்காது.

வெளிப்பார்வைக்கு இக்கன்று பெரும்பாலும் மற்றக் கிடாரிகளைப் போலவே தோன்றும். சிலவற்றில் யோனித்துவாரம் சிறுத்தும், அதன் கீழ்முனையில் நீண்ட மயிர்க்கற்றையுடனும் இருக்கும். பிறந்து ஒரு மாதத்துக்குள் மிருக வைத்தியர் மழுங்கிய முனையுள்ள சுத்தமான குழாயைச் செலுத்தி அறியலாம். நல்ல கன்றில் அது 5 அல்லது 6 அங்குலம் செல்லும். மலட்டுக் கன்றிலோ 2 அல்லது 3 அங்குலத்தில் நின்றுவிடும். இரத்தப் பரீக்ஷையினாலும் நிச்சயிக்கலாம். உடையவர் தாமே குச்சி முதலியவற்றைச் செலுத்திப் பார்த்தல் கூடாது, உட்புறம் புண்படும்.

இதனை அறியாதார் இரண்டு மூன்று வருஷம் தீவனமிட்டு வளர்த்து, பருவத்திற்கு வரவில்லையே என்று பலவித மருந்துகளுக்கும் பணம் செலவிடுவர். அறிந்தே இக்கன்றைச் சந்தையில் விற்பாரும் உளர். வாங்கும் ஏழைக் குடியானவருக்கோ அது முழு நஷ்டமாகும். ஆகவே இரட்டை ஈற்று நேர்ந்த தேதியையும், கன்றுகளின் அடையாளங்களையும் குறித்து வைத்தல் நன்று. விற்கும்போது உண்மையைச் சொல்லி விற்பதே முறை. இவ்வகை வழக்குகள் தம்மிடம் வருமாயின், கிராம அதிகாரிகள் முதலில் கன்றின் பிறப்பை விசாரிப்பது உசிதம்.

பிறவிக் குறைக்கு மருந்தில்லை; கன்றுப் பருவத்திலேயே அறிந்துகொள்வதே லாபம்.